புதுப்பிப்பு: பூனையும் கார்பெட் கழுவும் மெஷினும்

வயதான எங்கள் பூனை ஹால் கார்பெட்டிலேயே சிறுநீர் போகிறது, கழுவும் மெஷின் வாங்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். வாங்கிவிட்டோம், மூன்று வாரம் ஆகிறது.

வாந்திக் கறையெல்லாம் ஒரே தடவையில் போய்விட்டது. சிறுநீர் வாடை மட்டும் மழை நாளில் திரும்பி வந்தது. அதிலுள்ள யூரிக் அமிலம் காய்ந்தால் படிகமாகிவிடும், வெறும் தண்ணீரில் லேசில் கரையாது. அதனால் இப்போது முதலில் பழைய துண்டால் அழுத்தி ஒற்றி எடுக்கிறேன். பிறகு அந்த யூரிக் அமிலத்தைச் சிதைக்கும் என்சைம் திரவத்தை கார்பெட்டுக்கு அடியிலுள்ள மெத்தை வரை நனையும்படி ஊற்றி, பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் ஊறவிடுகிறேன். அப்புறம்தான் மெஷின், அதுவும் வெந்நீர் இல்லாமல். ஒரு தடவை தண்ணீர் விட்டால் மூன்று நான்கு தடவை உறிஞ்ச வேண்டும், இல்லையென்றால் ஈரம் தங்கிப் புழுங்கல் நாற்றம் வரும். அழுக்குத் தண்ணீர்த் தொட்டியை அன்றைக்கே கழுவிவிடுங்கள்.

பூனையை மருத்துவரிடம் காட்டச் சொன்னவர்களுக்கு ரொம்ப நன்றி. சிறுநீர்ப்பையில் தொற்று இருந்தது. பாவம், இத்தனை நாள் வலியோடு இருந்திருக்கிறாள். அவளைத் திட்டியதை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. மருந்து முடிந்து பத்து நாளாகத் தன் மண் தட்டில்தான் போகிறாள்.