‘சுரப்பிப் புற்று’ போதுமா?

> கருப்பை வாயில் வரும் அடினோகார்சினோமாவைச் ‘சுரப்பிப் புற்று’ என்றே எழுதலாமே? எளிமையாக இருக்கிறது.

வணக்கம் ஐயா,

எளிமைதான். ஆனால் படிப்பவர் தைராய்டு மாதிரி ஒரு தனிச் சுரப்பியைத் தேடுவார். இங்கே அப்படி ஒன்று கிடையாது. வாய்க்கு உள்ளே கால்வாயாக நீளும் பகுதியில் சளி சுரக்கும் உயிரணுக்கள் ஒற்றை அடுக்காகப் படிந்திருக்கின்றன. அந்த அடுக்கு ஆங்காங்கே சுவருக்குள் மடிந்து குழிகளாக இறங்குகிறது. புற்று தொடங்குவது அந்த உயிரணுக்களில். அதனால் விந்தணு, நரம்பணு வழியில் ‘சுரப்பணு’ என்கிறேன். வெளிப்பக்கம் போர்த்திய தட்டை உயிரணு ‘செதிலணு’. சுரப்பணுப் புற்று, செதிலணுப் புற்று. ஜோடி பொருந்துகிறது, இல்லையா?

> அணு என்றால் இயற்பியல்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

விந்தணுவுக்கு வராதவர்கள் இதற்கும் வரமாட்டார்கள்.

எனக்கு உறுத்துவது ‘வாய்’தான். லத்தீனில் செர்விக்ஸ் என்றால் கழுத்து. நாம் வாசலோடு நின்றுவிட்டோம். பரிசோதனையும் கிட்டத்தட்ட அங்கேதான் நிற்கிறது. 1943இல் மருத்துவர்கள் பாப்பனிகோலாவும் டிராவுட்டும் நூலாக்கிய பாப் சோதனை, அதாவது உயிரணுக்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை, செதிலணு மாற்றங்களைப் பிடிப்பதில் கெட்டி, சுரப்பணுவிடம் தடுமாறும். கால்வாயின் மேற்பகுதிக்குத் தூரிகை எட்டாமல் போகலாம். எட்டினாலும் குழியின் அடியில் இருப்பது ஒட்டிக்கொண்டு வராமல் போகலாம். வந்தாலும், அழற்சியால் உருமாறிய உயிரணுவா, புற்றுக்கு முந்தையதா என்று நுண்ணோக்கியில் பிரித்தறிவது கடினம். கால்போஸ்கோப்பில் (கருப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) அசிட்டிக் அமிலம் தடவிப் பார்ப்பதும் அப்படித்தான்: செதிலணு மாற்றம் பெரும்பாலும் வெளுத்துக் காட்டிக்கொடுக்கும், கால்வாய்க்குள் இருப்பது கண்ணிலேயே படாது.

ஆகவே இடத்தையும் சொல்லில் வைப்போம்: புறவாய், அகவாய். முழுப்பெயர் ‘கருப்பை அகவாய்ச் சுரப்பணுப் புற்று’. நீளம்தான், கட்டுரையில் ஒருமுறை சொல்லிவிட்டு, அப்புறம் சுரப்பணுப் புற்று என்றே ஓட்டலாம்.

> எச்பிவி (கருப்பை வாய்ப் புற்றுக்குப் பெரும்பாலும் காரணமான வைரஸ்) சோதனை வந்தபின் உள்ளே, வெளியே என்ற பேதம் எதற்கு?

பெரிய உதவிதான், மறுக்கவில்லை. சுரப்பணுப் புற்றில் 18ஆம் வகை எச்பிவியின் பங்கு செதிலணுப் புற்றில் இருப்பதைவிடக் கூடுதல். சோதனை அதைத் தேடிப் பிடிக்கிறது. ஆனால் வைரஸ் தொடர்பே இல்லாமலும் சுரப்பணுப் புற்று வருவதுண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வகைப்பாடு வைரஸ் சார்ந்தவை, சாராதவை என்றே பிரிக்கிறது. இரைப்பைச் சுரப்பணு போலத் தோன்றும் வகை இரண்டாவதில் சேரும். அதில் வைரஸ் சோதனை ‘இல்லை’ என்று சொன்னால் அது சோதனையின் பிழையல்ல, தேடிய பொருளே அங்கில்லை.

இன்னொரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். ‘ஸ்கிப் லீஷன்’. கருப்பை வாயிலிருந்து கூம்பாக வெட்டியெடுத்த துண்டின் விளிம்பு சுத்தமாக இருக்கும். ஆனாலும் சற்று மேலே, நடுவில் நல்ல திசுவை விட்டு, இன்னொரு திட்டு இருக்கக்கூடும். ‘தாவுதிட்டு’ என்று எழுதிப் பார்த்தேன். யாரோ குதித்துக் குதித்துத் திட்டுவது போல இருக்கிறது. வேறு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.