மலைத்தோட்ட இயந்திரங்கள்: ஐ.டி.ஐ.யா, பட்டப்படிப்பா?

கோத்தகிரி தேயிலைக்காரர்:
வணக்கம். என் அக்காள் மகன் இவ்வாண்டு பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறான். எங்கள் தோட்டத்தில் கொழுந்து அறுக்கும் இயந்திரம் நின்றுபோனால், காற்றையும் எரிபொருளையும் கலந்து தரும் கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து ஓடவைப்பவன் அவன்தான். வேளாண் இயந்திரப் பொறியியலையே தொழிலாகக் கொள்ள விரும்புகிறான். ஐ.டி.ஐ.யில் (தொழிற்பயிற்சி நிலையம்) சேர்ப்பதா, பதினோராம் வகுப்புக்கு அனுப்புவதா என்ற வாக்குவாதம் வீட்டில் ஓயவில்லை. விவரமறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், குன்னூர்:
பட்டம் வேண்டுமென்றால், கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் உள்ள பிரிவில் சேருங்கள். கணிதத்தைக் கைவிட்டுப் பின்னர் வருந்திய மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பி.டெக். வேளாண் பொறியியலுக்கு அப்பல்கலைக்கழகமே கலந்தாய்வு நடத்துகிறது. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளின் பி.இ. இடங்கள் பொறியியல் கலந்தாய்வில் நிரப்பப்படுவதால், இரண்டுக்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் அப்படிப்பில் இயந்திரம் ஒரு பகுதிதான். மண், நீர்ப் பாதுகாப்பும் பாசனமும் விளைபொருள் பதப்படுத்தலும் அதே அளவு வரும். ஸ்பேனரையே நாடும் பையனுக்கு இது சலிப்பூட்டலாம்.

பட்டறைக்காரர், ஊட்டி:
ஆசிரியர் ஐயா சொன்னதை மறுக்கவில்லை. எனினும் ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டுப் பிரிவை முடித்தவர் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாமாண்டும், டிப்ளமோ முடித்தபின் பி.இ.யில் நேரடியாக இரண்டாமாண்டும் சேர வழியுண்டு என்பதால், அங்கே போனால் படிப்பு நின்றுவிடும் என்று அஞ்ச வேண்டாம். ஓராண்டு டிராக்டர் மெக்கானிக் பிரிவை மட்டும் நம்ப வேண்டாம். நம் படிக்கட்டு வயல்களில் டிராக்டருக்கு என்ன வேலை? இங்கே பழுதுக்கு வருபவை பவர் டில்லர், மருந்து தெளிப்பான், கேரட் கழுவும் இயந்திரம் போன்றவைதான்.

இன்னொன்றை எந்த வகுப்பிலும் அழுத்திச் சொல்வதில்லை. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருப்பதால், காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளியில் சரிசெய்த பெட்ரோல் இயந்திரம் இங்கே காற்று போதாமல் எரிபொருள் மிகுந்து புகை தள்ளும், இழுவை குறையும், தீப்பொறி தரும் பிளக்கில் கரி படியும். பிளக்கை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் பலர். கார்புரேட்டரில் எரிபொருள் அளவைக் குறைக்கத் தெரிந்தவர்கள் சிலர்.

கோத்தகிரி தேயிலைக்காரர்:
மிக்க நன்றி. இரண்டாண்டுப் பிரிவையே விசாரிக்கிறோம். சேர்க்கை தொடங்கும்வரை பையன் உங்கள் பட்டறைக்கு வந்து பார்க்கலாமா?

பட்டறைக்காரர், ஊட்டி:
தாராளமாக வரட்டும். சிறுவன் என்பதால் வேலை வாங்க மாட்டேன், அருகிலிருந்து பார்த்துக் கற்கட்டும். உங்கள் கொழுந்து இயந்திரத்தின் பழைய பிளக்கையும் எடுத்துவரச் சொல்லுங்கள்.