இரண்டாவது செட்டப்புக்கு ஜீரோ எங்கே எடுக்கிறீர்கள்? அனுபவம் சொல்லுங்கள்

ஒரு பக்கம் மட்டும் ஓட்டும் ஜாபை (வெட்டும் துண்டை) கேம் (CAM, சிஎன்சி மெஷினுக்கு வெட்டும் பாதை போட்டுத் தரும்) மென்பொருளில் எல்லாருமே சீக்கிரம் பழகிவிடுகிறோம். திருப்பிப் போட்டு இரண்டாவது செட்டப்பில் மறுபக்கமும் ஓட்ட வேண்டி வந்தால், ஜீரோவை (அளவுகள் தொடங்கும் புள்ளியை) எங்கே எடுப்பது என்பதில்தான் தடுமாற்றம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

அலுமினியத்தில் ஒரு கவர். முடிந்த உயரம் 20 மி.மீ. ஸ்டாக் (வெட்டுமுன் உள்ள முழுத்துண்டு) உயரம் 25 என்று கேமில் கொடுத்தேன். மேலே 1 மி.மீ. ஃபேசிங் (முகத்தைச் சமமாகச் சீவுவது), கீழே 4 மி.மீ. வைஸ் (பிடிப்பான்) பிடிக்க. முதல் செட்டப்பில் ஸ்டாக்கின் மேல்முகம்தான் இசட் ஜீரோ (உயரத்துக்கான ஜீரோ). அதே பழக்கத்தில் இரண்டாவது செட்டப்பிலும் திருப்பிய ஜாபின் மேல்முகத்தையே ஜீரோவாக வைத்தேன். சிமுலேஷனில் ஒரு குறையும் இல்லை, மெஷினிலும் அமைதியாக ஓடி முடிந்தது. மைக்ரோமீட்டரில் பிடித்தால் 20.8.

ரொம்ப நேரம் டூல் லெங்த்தை (மெஷினில் பதிந்த கட்டர் நீளத்தை) சந்தேகப்பட்டேன். அப்புறம்தான் அறுத்து வந்த மற்ற துண்டுகளை அளந்தேன். 25 இல்லை, 25.8. முதல் பக்கம் 1 போனது, மறுபக்கம் 4 போனது, கூடுதலாக இருந்த 0.8 அப்படியே ஜாபில் தங்கிவிட்டது. ரம்பம் அறுத்த முகத்தை நம்பி ஜீரோ எடுத்ததன் பலன்.

இப்போது இரண்டாவது செட்டப்பின் இசட் ஜீரோவை மாடலின் அடியில் வைக்கிறேன். முதல் பக்கத்தில் ஃபேஸ் செய்த முகம் பேரலல் (வைஸுக்குள் ஜாபைத் தாங்கும் சமமான பட்டை) மேல் உட்காரும், ஆகவே பேரலலின் மேல்மட்டம்தான் ஜீரோ. ஃபேசிங் +20-ல் முடியும். துண்டின் தடிமன் எப்படி வந்தாலும் உயரம் மாறாது. ஆனால் துண்டு தடிமனாக இருந்தால் முதல் பாஸில் கட்டர் நாம் நினைத்ததைவிட ஆழமாகத் தின்னும். அதனால் கேமில் ஸ்டாக் உயரத்தை இரண்டு மி.மீ. கூட்டியே கொடுக்கிறேன். கொஞ்ச நேரம் காற்றில் ஓடும், பரவாயில்லை.

எக்ஸ், ஒய் எடுப்பதில் வேறு சிக்கல். திருப்பிப் போட்டதும் வெட்டாத அந்த 4 மி.மீ. பகுதி சுவரைத் தாண்டிக் குடைபோல நீட்டிக்கொண்டிருக்கும். எட்ஜ் ஃபைண்டரை (விளிம்பைத் தொட்டு இடம் கண்டுபிடிக்கும் கருவியை) மேலிருந்து இறக்கினால் அந்த அறுத்த விளிம்பில்தான் தொடும், வெட்டிய சுவர் அதற்கடியில் இருக்கும். ஆகவே ஜாபில் தொடுவதையே விட்டுவிட்டேன். ஜாப் போடும் முன்பே வைஸின் நகராத ஜாவின் (தாடையின்) முகத்தில் ஒய், பக்கத்து ஸ்டாப்பரில் எக்ஸ் எடுத்துவிடுவேன். வெட்டிய சுவர் அங்கே போய் ஒட்டும். கேமிலும் அதே மூலைதான் ஆரிஜின்.

இதற்காக வேலை செய்யும் வரிசையையே மாற்றிக்கொண்டேன். மறுபக்கம் எந்தச் சுவரைப் பிடிப்பேன், எதில் சாத்துவேன் என்று முடிவு செய்த பிறகுதான் முதல் பக்கத்தின் டூல்பாத்தைத் தொடுகிறேன். பிடிக்கப்போகும் சுவர் முதல் செட்டப்பிலேயே 20 மி.மீ. முழுவதும் வெட்டி முடிந்திருக்க வேண்டும்.

மறுமொழி

அண்ணே, எனக்கு உயரம் சரியாக வந்தது, திசை தப்பிவிட்டது. நான்கு மூலையிலும் ஓட்டை, பார்வைக்கு எப்படித் திருப்பினாலும் ஒன்றுபோல் இருக்கும் பிளேட். கேமில் எக்ஸ் அச்சைச் சுற்றித் திருப்பியிருந்தேன். மெஷினில் கைபோக்கில் ஒய் அச்சைச் சுற்றித் திருப்பி மாட்டிவிட்டேன். பாக்கெட் (குழி) 180 டிகிரி சுற்றிய இடத்தில் விழுந்தது, பிளேட் போயிற்று.

இப்போதெல்லாம் முடிந்தவரை ஒய் அச்சைச் சுற்றி, அதாவது இடவலமாகத்தான் திருப்புகிறேன். நகராத ஜாவில் முன்பு சாய்ந்த பக்கமே மறுபடியும் சாயும், ஸ்டாப்பர் தொடும் பக்கம் மட்டும் மாறும். முதல் செட்டப்பில் மாட்டும்போதே நகராத ஜா இருக்கும் திசையை மார்க்கரில் அம்புக்குறியாகப் போட்டுவிடுவேன். மேல்முகத்தில் போட்டால் ஃபேசிங்கில் போய்விடும். வைஸுக்குள் இருக்கும் அந்த 4 மி.மீ. விளிம்பின் பக்கவாட்டில் போட்டால், திருப்பும்போது கண்ணெதிரே நிற்கும்.

மறுமொழி

பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வைஸ் வைத்து, ஒன்றில் முதல் பக்கம், மற்றதில் மறுபக்கம் ஓட்டுகிறேன். ஒவ்வொரு வைஸின் ஜீரோவுக்கும் ஓர் ஆஃப்செட் எண்: ஜி54, ஜி55. ஒருமுறை செட்டப்பை நகலெடுத்து இரண்டாவதை உருவாக்கினேன், ஆஃப்செட் எண்ணும் சேர்ந்தே நகலாகிவிட்டது. ப்ரோக்ராம் முழுக்க ஜி54. நல்லவேளை, இசட்டைத் தூக்கி டிரை ரன் (வெட்டாமல் காற்றில் ஓட்டிப் பார்ப்பது) விட்டபோது ஸ்பிண்டில் இரண்டாவது வைஸுக்கு நகரவே இல்லை. இப்போது போஸ்ட் செய்து மெஷின் கோடாக (code) மாற்றியதும் அதைத் திறந்து ஜி55 இருக்கிறதா என்று தேடிவிட்டுத்தான் மெஷினுக்கு அனுப்புகிறேன்.

டவல் பின்னில் (ஜாபை இடம் பிசகாமல் உட்கார வைக்கும் உருளை ஆணியில்) திருப்பிப் போடுகிறவர்களுக்கு ஒன்று. இரண்டு பக்கமும் ஒரே ஆஃப்செட்டில் ஓடும்போது, பின்களின் கோடு நீங்கள் எடுத்த ஜீரோவிலிருந்து 0.03 விலகியிருந்தால் சுவரின் நடுவே 0.06 படி விழும். நகத்தால் தடவினாலே தெரியும். படியை டயலில் அளந்து, அதில் பாதியை மட்டும் ஆஃப்செட்டில் திருத்துங்கள். கூட்டுவதா கழிப்பதா என்று குழப்பமாக இருந்தால், அடுத்ததை அலுமினியத்தில் போடாமல் ஒரு பிளாஸ்டிக் துண்டில் ஓட்டிப் பாருங்கள்.