பாட்டு முதலிலா, படம் முதலிலா? (நேற்றைய சண்டையின் மிச்சம்)

கல்லுக்கட்டிக்காரன்:
நேற்று இங்கே ஒரு மகான் எழுதியிருக்கிறார். செட்டிநாட்டு வீடு, ஆச்சி, பேரப்பிள்ளைகள் எல்லாம் வைத்துக் குடும்பத்தோடு பார்க்கிற மாதிரி பாட்டு நிறைந்த கார்ட்டூன் படம் எடுக்கலாமாம். நல்லது. ஆனால் படத்தை முழுக்க வரைந்து முடித்துவிட்டுப் பாட்டைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாமாம்! ஐயா, பாட்டுதான் முதலில். வினாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். ‘அம்மா’ என்று பாடும்போது எந்த ஃபிரேமில் உதடு மூடுகிறது, எதில் வாய் திறக்கிறது என்று ஒலிப்பதிவைக் கேட்டுத்தான் தாளில் குறித்துக்கொள்வார்கள். பாட்டே இல்லாமல் எதைக் குறிப்பது?

பள்ளத்தூரான்:
அந்த மகான் நான்தான், அண்ணே. இளையராஜா படத்தைப் பார்த்துவிட்டுத்தானே ரீரெக்கார்டிங், அதாவது பின்னணி இசை, செய்கிறார்? அப்போ படம்தான் முதலில்.

கல்லுக்கட்டிக்காரன்:
ரீரெக்கார்டிங்கை இங்கே யார் கேட்டது? பாட்டு முதலில். 2013இல் வந்த ‘ஃப்ரோசன்’ கார்ட்டூன் படத்தில் எல்சா என்கிற ராணியை முதலில் வில்லியாகத்தான் எழுதியிருந்தார்கள். ‘லெட் இட் கோ’ பாட்டு வந்தது, அதைக் கேட்டதும் கதையையே மாற்றினார்கள். வரைந்து முடித்திருந்தால் அத்தனையும் குப்பைக்குத்தான் போயிருக்கும்.

பள்ளத்தூரான்:
அதன் இரண்டாம் பாகம் 2019இல் தமிழில் வந்ததே, ஸ்ருதி ஹாசன் குரலில்? எல்சா வாயசைத்து முடித்த பிறகுதானே தமிழ்ப் பாட்டு? படம்தான் முதலில். நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள், நன்றி.

கல்லுக்கட்டிக்காரன்:
அது டப்பிங்! இந்த லட்சணத்தில் படம் எடுக்கக் கிளம்பிவிட்டார். பாட்டு முதலில், பாட்டு முதலில், பாட்டு முதலில்.

கோனாபட்டு ஆச்சி:
இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். படத்தில் வரும் ஆச்சிக்குக் கட்டம் போட்ட கண்டாங்கிச் சேலைதானே கட்டுவீர்கள்? கையால் வரைந்தால், அவள் ஓர் அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் கொசுவத்துக்குத் தக்கபடி கட்டங்களை மாற்றி மாற்றிப் போட வேண்டும். வரைகிற பிள்ளை இரண்டே நாளில் ஓடிவிடும். அதற்கு வழி சொல்லுங்கள் முதலில்.

பள்ளத்தூரான்:
அதெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும், ஆச்சி.

கல்லுக்கட்டிக்காரன்:
கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளுமாம். பாட்டையும் அதையே போடச் சொல்வதுதானே! தம்பி, இந்த மண்ணில் சினிமாப் பாடம் நடத்தாதே. 1938லேயே ‘நந்தகுமார்’ படத்தில் ஒருவர் நடிக்க இன்னொருவரைப் பாட வைத்தவர் ஏவி.எம். எங்கள் காரைக்குடிக்காரர். ‘நாம் இருவர்’ படத்தை எடுத்ததும் காரைக்குடியில்தான்.

ரஸ்தாவாசி:
ஒரு நிமிஷம். அதை எடுத்த ஏவி.எம். ஸ்டூடியோ இருந்தது தேவகோட்டை ரஸ்தாவில்.

கல்லுக்கட்டிக்காரன்:
ரஸ்தா காரைக்குடியை ஒட்டித்தானே இருக்கிறது?

ரஸ்தாவாசி:
பெயரிலேயே தேவகோட்டை இருக்கிறது, கண் தெரியவில்லையா? நல்லது எல்லாம் காரைக்குடிக்கு, வெயில் மட்டும் எங்களுக்கா?

பள்ளத்தூரான்:
விடுங்க அண்ணே, அவர் அப்படித்தான். போன பொங்கல் விழாவில் நான் பாடிக்கொண்டிருக்கும்போதே மைக்கைப் பிடுங்கினவர். இப்போது பாட்டு முதலிலாம்!

கல்லுக்கட்டிக்காரன்:
நீ பாடின லட்சணத்துக்கு மைக்கைப் பிடுங்கினதோடு விட்டேன் என்று சந்தோஷப்படு. குழந்தைகள் அழ ஆரம்பித்துவிட்டன. சரி, கேட்டதற்குப் பதில் சொல். பாட்டு இல்லாமல் உதட்டை எந்த ஃபிரேமில் மூடுவாய்?

பள்ளத்தூரான்:
ஸ்ருதி ஹாசனுக்கு எந்த ஃபிரேமில் மூடினார்களோ, அதே ஃபிரேமில்தான்.

கோனாபட்டு ஆச்சி:
கண்டாங்கிக்கு இன்னும் ஒருத்தரும் வழி சொல்லவில்லை.

ரஸ்தாவாசி:
அதை அப்புறம் பேசலாம், ஆச்சி. ஸ்டூடியோ எந்த ஊர் என்று அவர் வாயால் சொல்லட்டும்.