லேவில் 88

கார்த்திக்: லடாக்கில் லே வந்து சேர்ந்துவிட்டோம். தலை மட்டும் விண்விண் என்கிறது.

கார்த்திக்: [படம்: விரலில் ஆக்சிமீட்டர், ரத்த ஆக்சிஜன் 88%]

அம்மா: ஐயோ, 88ஆ! கொரோனா சமயத்தில் 94க்குக் கீழே போனாலே ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொன்னார்களே. அண்ணா, கொஞ்சம் பாருங்கள்.

சித்தி: [ஃபார்வர்டு] மலைப்பயணம் செல்வோர் கவனத்திற்கு!! கற்பூரம், லவங்கம், ஓமம் மூன்றையும் துணியில் முடிந்து முகர்ந்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் உடனே ஏறும். அனைவருக்கும் பகிரவும் 🙏

மாமா: கற்பூரம் முகர்ந்தால் மூக்கு திறந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஆக்சிஜன் ஒரு புள்ளிகூட ஏறாது. குழந்தைகள் வாயில் போட்டால் வலிப்பே வரும். அதை இனி யாருக்கும் அனுப்பாதேம்மா.

மாமா: வசந்தா, பதறாதே. லே 3,500 மீட்டர் உயரம். சமவெளியிலிருந்து விமானத்தில் போய் இறங்கினால் முதல் நாள் இப்படிக் காட்டுவது வழக்கம்தான். கார்த்திக், நீ எண்ணைவிட உடம்பைக் கவனி. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் போ. கீழே இறங்குவதுதான் பெரிய வைத்தியம்.

கார்த்திக்: அதெல்லாம் இல்லை மாமா. தலைவலிதான், பசியும் இல்லை.

திவ்யா: அங்கே காற்றில் ஆக்சிஜன் சதவீதம் குறைவா மாமா?

மாமா: எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். மன்னார்குடியிலும் 21, லேவிலும் 21. குறைவது அழுத்தம். நம் ஊரில் மேலே இருக்கிற காற்றெல்லாம் சேர்ந்து ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஒரு கிலோ கனத்துக்கு அழுத்துகிறது. லேவில் அதில் மூன்றில் ஒரு பங்கு இல்லை. ஆக்சிஜனை நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குள் தள்ளுகிற அழுத்தமும் அதோடு சேர்ந்து குறையும்.

கார்த்திக்: [படம்: சிப்ஸ் பாக்கெட்] ஓ, இதற்கும் அதுதான் காரணமா! டெல்லியில் வாங்கும்போது சப்பையாக இருந்தது. இப்போது தலையணை மாதிரி உப்பிக் கிடக்கிறது.

மாமா: உள்ளே டெல்லிக் காற்று, வெளியே லே காற்று. பார்த்துப் பிரி, வெடிக்கும்.

அம்மா: சிப்ஸ் வேண்டாம். சூடாகச் சாதம் கிடைக்குமா?

கார்த்திக்: கிடைக்கும்மா. எல்லாம் குக்கர்தான். வெறும் பாத்திரத்தில் வைத்தால் அரிசி நறுக்கென்றே நிற்குமாம்.

மாமா: அழுத்தம் குறைவதால் தண்ணீர் அங்கே சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்தச் சூட்டில் அரிசி எப்படி வேகும்?

சித்தி: மறுபடி 88ஆ 😄

மாமா: இன்னும் மேலே போனால் வேடிக்கை போய்விடும். சுமார் 19 கிலோமீட்டர் உயரத்தில் நம் உடம்புச் சூட்டிலேயே தண்ணீர் கொதிக்கும். செவ்வாய் கிரகத்தில் காற்றழுத்தம் நம்முடையதில் ஒரு சதவீதம்கூட இல்லை. அதனால்தான் அங்கே இன்று ஆறும் இல்லை, குளமும் இல்லை. பள்ளிப் பாடத்தில் ஆக்சிஜனைத்தான் புகழ்வோம், நானும் அப்படித்தான் நடத்தினேன். ஆனால் ஆக்சிஜன் காற்றில் தங்க ஆரம்பித்ததே சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அது நீலப்பச்சைப் பாசி செய்த வேலை. அதற்கு வெகு காலம் முன்பே கடலில் உயிர் இருந்தது. என்னைக் கேட்டால் முதல் மரியாதை, கடலைக் கடலாக வைத்திருக்கும் அழுத்தத்துக்குத்தான்.

தாத்தா: அப்போ அந்த 78 சதவீத நைட்ரஜன் சும்மாதான் கிடக்கிறதா?

மாமா: காற்றின் கனத்தில் பெரும்பங்கு அதுதான் அப்பா. உங்கள் உளுந்துக்கும் அதுதான் சாப்பாடு.

தாத்தா: சம்பா அறுப்புக்கு முன்னாடி ஈரத்திலேயே தெளிப்போம். செடியைப் பிடுங்கினால் வேரில் முண்டு முண்டாக இருக்கும். நசுக்கினால் உள்ளே சிவப்பு.

மாமா: அந்த முண்டுக்குள் இருக்கும் பாக்டீரியாதான் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பயிருக்கு உரமாக மாற்றுகிறது. சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

தாத்தா: 👍

கார்த்திக்: வெயிலில் நின்றால் கன்னம் எரிகிறது. இரண்டடி தள்ளி நிழலுக்குப் போனால் நடுக்கம். என்ன ஊர் மாமா இது!

மாமா: க்ரீம் தடவு. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். ஓசோன் உனக்கும் மேலேதான் இருக்கிறது. ஆனால் அதைத் தாண்டி வருவதைச் சிதறடிக்கிற காற்று அங்கே குறைவு. அந்த ஓசோன் முழுவதையும் தரைமட்டத்துக்குக் கொண்டுவந்து பரப்பினால் 3 மில்லிமீட்டர் தடிமன்தான் தேறும். ராத்திரி ஸ்வெட்டரும் போடு. நம் ஊர்க் காற்றில் உள்ள ஈரம் பகல் சூட்டைப் பிடித்து வைக்கும், அங்கே அதுவும் குறைவு.

திவ்யா: காற்றே இல்லாவிட்டால்?

மாமா: சூட்டைப் பிடிக்கும் வாயுக்கள் இல்லாமலிருந்தால் பூமியின் சராசரி வெப்பம் 15 டிகிரி இருக்காது, மைனஸ் 18 ஆகிவிடும். காற்றில்லாத நிலாவில் பார்த்தோமே, 2023இல் சந்திரயான் இறங்கிய இடத்தில் ராத்திரிக் குளிர் வருவதற்கு முன்பே விக்ரம் லேண்டரைத் தூங்க வைத்தார்கள். அப்புறம் அது எழவே இல்லை.

அம்மா: அதெல்லாம் இருக்கட்டும் அண்ணா. இவன் நாளைக்கே கர்துங் லா கணவாய்க்குப் போகிறேன் என்கிறான்.

மாமா: கூடவே கூடாது. அது 5,359 மீட்டர், அழுத்தம் நம் ஊரில் பாதிதான். இரண்டு நாள் லேவிலேயே இரு, தண்ணீர் நிறையக் குடி, மாடிப்படிகூட மெதுவாக ஏறு.

கார்த்திக்: டிரைவரும் அதையேதான் சொன்னார் மாமா. நாளைக்கு வண்டி எடுக்கவே மாட்டாராம்.

அம்மா: அவர் நம்பரை அனுப்பு.