கஸ்டம் டேக்: ‘புனைகுறி’ எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

சேவையகத்தில் ஜாவா கொண்டு வலைப்பக்கங்களை உருவாக்கும் நுட்பம் ஜேஎஸ்பி. அதில் நிரலரே உருவாக்கிக்கொள்ளும் எச்டிஎம்எல் போன்ற குறிதான் கஸ்டம் டேக் (custom tag). அதற்கான தமிழ்ச்சொல் பற்றி எழும் கேள்விகளும் என் பதில்களும் கீழே.

> ‘தனிப்பயன் குறிச்சொல்’ புழக்கத்தில் இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமே?

பொருள் தலைகீழாகிறது. மேற்பட்டையையும் அடிப்பகுதியையும் பக்கத்துக்குப் பக்கம் நகலெடுக்காமல், வார்ப்புருவாக ஒரே இடத்தில் எழுதி எல்லாப் பக்கங்களிலும் பயன்படுத்தவே இந்த டேக். பொதுப்பயனுக்கு வந்ததைத் ‘தனிப்பயன்’ என்றால் புதிதாகப் படிப்பவர் என்ன நினைப்பார்? ‘குறிச்சொல்’லும் வலைப்பதிவு இடுகைகளை வகைப்படுத்தும் சொல்லாக நிலைத்துவிட்டது.

> ‘செருகுகுறி’?

அது ஜேஎஸ்பியின் இன்க்ளூடுக்குப் (include) பொருந்தும். இன்க்ளூட் ஒரு கோப்பை அப்படியே கொண்டுவந்து செருகும். அதனால்தான் மேற்பட்டைக் கோப்பில் திறந்த டிவ் (div) என்னும் எச்டிஎம்எல் குறி, அடிப்பகுதிக் கோப்பில் போய் மூடுகிறது. எது எங்கே மூடுகிறது என்று தேடியே பொழுது போகும். கஸ்டம் டேக் அப்படியன்று. பக்கத்தின் தலைப்பைக் குறியின் பண்புக்கூறாகக் (attribute) கொடுத்து, தொடக்கக் குறிக்கும் முடிவுக் குறிக்கும் இடையில் உள்ளடக்கத்தை எழுதினால், வார்ப்புரு அதைச் சுற்றி அமைந்துகொள்ளும். 2003-இல் வந்த ஜேஎஸ்பி 2.0 இதை எளிதாக்கியது. அதற்கு முன் ஒவ்வொரு டேக்குக்கும் ஜாவா வகுப்பு (class) எழுத வேண்டியிருந்தது. பிறகு வார்ப்புருவையே டேக் கோப்பாகச் சேமித்தால் போதும் என்றானது.

என் பரிந்துரை ‘புனைகுறி’. ஊறுகாய்போல் வினைத்தொகை. எச்டிஎம்எல் குறிகள் ஆயத்தமாகக் கிடைப்பவை, இது நாம் புனைவது. புனைகுறியை, புனைகுறிக்குள், புனைகுறித் தொகுப்பு என்று உருபும் பிற சொற்களும் இடறாமல் சேர்கின்றன.

> ‘புனை’ என்றால் பொய் என்ற வாடை வருகிறதே?

புனைகதையை நினைத்தால் வரும். புனைபெயரை நினையுங்கள்: எழுதுபவரே இட்டுக்கொண்ட பெயர். இங்கும் பெயரிடுபவர் நிரலரே. ஜேஎஸ்பியில் உலாவிக்கு அந்தப் பெயர் போய்ச் சேர்வதுகூட இல்லை. சேவையகமே புனைகுறியை விரித்து, வழக்கமான எச்டிஎம்எல் ஆக்கி அனுப்பிவிடுகிறது.

உலாவியே புரிந்துகொள்ளும் கஸ்டம் எலிமென்ட் வேறு. அதன் பெயருக்குள் சிறுகோடு கட்டாயம். அதைப் ‘புனையுறுப்பு’ எனலாம். இரண்டையும் குழப்ப வேண்டாம்.

டேக் கோப்புக்குத்தான் இன்னும் நல்ல சொல் அமையவில்லை. ‘குறிக்கோப்பு’ என்று எழுதிப் பார்த்தேன். வேகமாகப் படித்தால் ‘குறிக்கோள்’ ஆகிவிடுகிறது. ‘புனைகுறிக் கோப்பு’ நீளம். சுருக்கமாக ஏதேனும் தோன்றினால் எழுதுங்கள்.