பழைய சர்வருக்கு எடை போட்டு விலை சொல்கிறார்கள், ராம் செத்துவிட்டது என்கிறார்கள்: உதவி தேவை

ஆவாரம்பூ:
வணக்கம். கோவையில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் கணினி சம்பந்தமான எல்லாம் என் தலையில்தான். வேலை முழுக்க கிளவுடுக்குப் போய்விட்டது. மிச்சம் இருப்பது: டெல் பவர்எட்ஜ் ஆர்730 சர்வர் 2 (ஒவ்வொன்றிலும் ஜியான் இ5-2680 வி4 இரண்டு, ராம் 128 ஜிபி), பழைய ஸ்டோரேஜ் பெட்டியில் இருந்த எஸ்ஏஎஸ் (சர்வர்களுக்கான இணைப்பு வகை) ஹார்டு டிஸ்க் 12, பிஓஇ சுவிட்ச் (நெட்வொர்க் கேபிளிலேயே கரண்டும் கொடுப்பது) ஒன்று.

காயலாங்கடைக்காரர் எடைக்கு எடுக்கிறேன் என்கிறார். பழைய கம்ப்யூட்டர் வாங்கும் இன்னொருவர் ராம் ஒன்றைக் கழற்றித் தன் கடை டெஸ்க்டாப்பில் மாட்டினார். டிஸ்ப்ளே வரவில்லை. "ராம் அவுட் சார், மொத்தமும் இப்படித்தான் இருக்கும்" என்று பாதி விலையைக் குறைத்துவிட்டார். டிஸ்க்கை ஒரு எஸ்ஏஎஸ் கார்டில் மாட்டிப் பார்த்தால் கொள்ளளவு 0 என்று காட்டுகிறது. சர்வரில் நேற்றுவரை ஒரு எரரும் இல்லை. முதலாளியோ 2017இல் 6 லட்சம் கொடுத்தேன், பாதியாவது வரணும் என்கிறார். யாரை நம்புவது?

ரேக்_ராசா:
ராம் சாகவில்லை. அதன் ஸ்டிக்கரைப் பாருங்கள். 32ஜிபி 2ஆர்×4 பிசி4-2400டி-ஆர்பி1 என்பது போல இருக்கும். 2400டி-க்குப் பின்னால் கோடு போட்டு வரும் முதல் எழுத்து ஆர் என்றால் ரெஜிஸ்டர்டு, எல் என்றால் லோட் ரெட்யூஸ்டு, இரண்டுமே சர்வருக்கான ராம். சாதாரண டெஸ்க்டாப் போர்டு யூ என்று இருப்பதைத்தான் ஏற்கும். உங்களிடம் இருக்கும் டிடிஆர்4 தலைமுறையில் சர்வர் ராம், டெஸ்க்டாப் ராம் இரண்டுக்குமே 288 பின், வெட்டும் ஒரே இடத்தில். அதனால் உள்ளே ஜம்மென்று உட்காரும், ஆனால் பூட் ஆகாது. சர்வர் ராம் வாங்குகிறவருக்கு இது தெரியாமல் இருக்காது என்பது என் எண்ணம். அதற்கு மேல் சொல்ல விரும்பவில்லை.

மறுபடி யாராவது வந்தால் ராமைக் கழற்ற விடாதீர்கள். சர்வரை ஆன் செய்து ஐடிராக் (டெல் சர்வரை பிரவுசரிலிருந்தே கண்காணிக்கும் வசதி) பக்கத்தில் மெமரி பட்டியலைத் திறந்து காட்டுங்கள். ஸ்லாட் வாரியாக அளவு, வேகம், நிலை எல்லாம் வரும். சிஸ்டம் ஈவென்ட் லாக்கில் மெமரி எரர் இல்லை என்பதையும் காட்டுங்கள். பேரம் அங்கிருந்து தொடங்கட்டும்.

இன்னொன்று. 2025இல் டிடிஆர்4 விலை நன்றாக ஏறிவிட்டது. மெமரி கம்பெனிகள் ஏஐ சர்வர்களுக்கான சரக்கின் பக்கம் திரும்பியதுதான் காரணம். உங்கள் ஆர்730-இல் காசு இருப்பது ராமில்தான். அதைத்தான் அவர் செத்தது என்கிறார்!

திருகாணி:
டிஸ்க்குக்கு நான் வருகிறேன். ஸ்டோரேஜ் பெட்டியிலிருந்து வந்தது என்றதுமே புரிந்தது. பெரிய ஸ்டோரேஜ்களில் பல, டிஸ்க்கை 512 பைட் செக்டருக்கு (டிஸ்க் டேட்டாவைப் பிரித்து வைக்கும் துண்டு) பதில் 520 பைட்டில் ஃபார்மட் செய்து வைத்திருக்கும். கூடுதல் 8 பைட் டேட்டா சரிபார்ப்புக்கு. லினக்ஸில் மாட்டினால் "இந்த செக்டர் அளவு ஆகாது" என்று கெர்னல் லாக்கில் ஒரு வரி வரும், கொள்ளளவு 0.

டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாகக் காட்டும் ரெய்டு கார்டு வேண்டாம், டிஸ்க்கை நேரடியாகக் காட்டும் எச்பிஏ கார்டில் மாட்டுங்கள். லினக்ஸின் எஸ்ஜி3 யூட்டில்ஸ் என்ற மென்பொருள் தொகுப்பில் உள்ள ஃபார்மட் கட்டளையில் செக்டர் அளவு 512 என்று கொடுத்து ஓட விடுங்கள். டிஸ்க் அளவைப் பொறுத்து மணிக்கணக்கில் ஓடும். நடுவில் கரண்ட் போனால் அந்த டிஸ்க் தொல்லை கொடுக்கும், அதனால் யுபிஎஸ் கட்டாயம். இதில் பழைய டேட்டாவும் போய்விடும், ஆனால் வாடிக்கையாளர் வரைபடம் இருந்த டிஸ்க் என்றால் அதோடு நிறுத்தாதீர்கள். முழுக்க ஒரு தடவை மேலெழுதி, சீரியல் எண் வாரியாக ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உண்மையைச் சொன்னால், பழைய எஸ்ஏஎஸ் டிஸ்க்குக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று யோசியுங்கள். வீட்டுக் கணினியின் சாட்டா கேபிளில் அது மாட்டாது, வாங்க ஆள் குறைவு. 600 ஜிபி, 900 ஜிபி என்றால் துளையிட்டுத் தூக்கிப் போடுவதே மேல். டிஸ்க் இல்லாத சர்வர் சந்தையில் சகஜம். டிஸ்க்கைச் சர்வரில் பொருத்தும் சட்டமான காடியை (கேடி) மட்டும் டிஸ்க்கோடு கொடுத்துவிடாதீர்கள். காலி காடி இல்லாத சர்வரை வாங்குகிறவன் அதற்குத் தனியாக அலைய வேண்டும்.

கணக்கன்:
முதலாளியின் "பாதி"க்கு ஒரு கணக்கு. வருமான வரியில் கணினிக்கு ஆண்டுத் தேய்மானம் 40 சதவீதம். 6 லட்சம் 5 ஆண்டு முடிவில் 46,656 ரூபாய். 2017இல் வாங்கியது அதற்கும் கீழே போயிருக்கும். சந்தை விலை அந்தப் புத்தக மதிப்பைப் பார்த்து வராது, அது வேறு விஷயம். ஆனாலும் அவருடைய ஆடிட்டரே எழுதிய எண்ணைக் காட்டினால் கொஞ்சம் அடங்குவார்.

ஜிஎஸ்டி மறக்க வேண்டாம். வாங்கும்போது உள்ளீட்டு வரி எடுத்திருந்தால் (அப்போது கட்டிய ஜிஎஸ்டியை உங்கள் வரியில் கழித்துக்கொண்டிருந்தால்), விற்கும்போது இன்வாய்ஸ் போட்டு வரி கட்ட வேண்டும். காலாண்டுக்கு 5 சதவீதம் கழித்து மீதி உள்ளீட்டு வரி, அல்லது விற்ற விலைக்கான வரி, எது அதிகமோ அது. 5 ஆண்டு தாண்டிவிட்டதால் உங்களுக்கு விற்ற விலைக்கு 18 சதவீதம்தான். விலை பேசும்போதே "வரி தனி" என்று சொல்லிவிடுங்கள், பின்னால் சண்டை வராது.

ஆவாரம்பூ:
ஸ்டிக்கரைப் பார்த்தேன், ஆர்பி1 தான்! நன்றி ரேக்_ராசா அண்ணா. அப்படியென்றால் ராமைத் தனியாக விற்றுவிட்டு, பெட்டியை எடைக்குப் போடலாமா?

ரேக்_ராசா:
ஒன்றை அப்படியே விற்கப் பாருங்கள், இன்னொன்றைப் பிரித்து விற்றுவிடுங்கள். முழு சர்வரை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பழகுவதற்காக வாங்குகிற பிள்ளைகளும் சின்ன ஹோஸ்டிங் ஆட்களும். கரண்ட் பில்லை நினைத்துத் தயங்குவார்கள். சும்மா 200 வாட் இழுத்தாலும் 2 மாதத்துக்கு 288 யூனிட், வீட்டுக்குக் கிடைக்கும் இலவச யூனிட் எங்கே போதும்? அதோடு நிரம்பிய ஆர்730 முப்பது கிலோவைத் தொடும். கூரியர் செலவே லாபத்தைத் தின்றுவிடும், உள்ளூரில் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

பிரித்த ராமுக்கும் ப்ராசஸருக்கும் வேறு கூட்டம் இருக்கிறது. சீனாவிலிருந்து வரும் எக்ஸ்99 என்ற மதர்போர்டுகளில் இ5 வி4 ப்ராசஸரும் ரெஜிஸ்டர்டு ராமும் ஓடும். கம்மி விலையில் 14 கோர் கிடைக்கிறதே என்று வாங்குவார்கள். விலை பார்க்கும்போது ஈபேயில் "விற்றவை" என்ற வடிகட்டியைப் போட்டுப் பாருங்கள். பட்டியலில் கேட்கும் விலை வெறும் ஆசை.

சுவிட்ச்சைத் தனியாகக் கொடுங்கள். பிஓஇ என்றால் சிசிடிவி போடுகிறவர்களே வந்து எடுத்துப்போவார்கள்.

திருகாணி:
கொடுக்கும் முன் ஐடிராக்கை ரீசெட் செய்து பழைய பாஸ்வேர்டை அழித்துவிடுங்கள், பழைய டெல்லில் பயனர் பெயர் ரூட், பாஸ்வேர்டு கால்வின் என்று திரும்பிவிடும். ஐடிராக்குக்கு எண்டர்பிரைஸ் லைசென்ஸ் இருந்தால் அது சர்வீஸ் டேக்கோடு (ஒவ்வொரு டெல் பெட்டிக்கும் உள்ள தனி அடையாள எண்) ஒட்டியது, ரீசெட்டில் போகாது. விளம்பரத்தில் அதை எழுதுங்கள், ஆனால் சர்வீஸ் டேக்கைப் படத்தில் மறைத்துவிடுங்கள்.

ஆவாரம்பூ:
முதலாளியிடம் ஆடிட்டர் எண்ணைக் காட்டிவிட்டேன், ஒன்றும் பேசவில்லை. ராம் பட்டியலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து பழைய ஆளுக்கே அனுப்பினேன். "சரி சார், நாளைக்கு நேரில் வருகிறேன்" என்றார். இந்த முறை சர்வர் ஆனில்தான் இருக்கும். டிஸ்க் எல்லாம் 600 ஜிபி, ட்ரில்லிங் மெஷின் கேட்டிருக்கிறேன்.